ஜட்ஜ் முன்னால் கல்யாணம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

டெக்சாஸில் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் (சுருக்கமாக ஜே.பி.) கோர்ட் ஒன்றில் 22 வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன இதழில் கோர்ட் கல்யாணத்தைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கங்களை நிரப்பிவிட்டன. நான் வக்கீல் இல்லை. கவுன்டரில் உட்கார்ந்து பார்த்ததையும், படிவம் வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டதையும்தான் சொல்கிறேன். எல்லாம் டெக்சாஸ் நடைமுறை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்த ஊர் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க்கிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகள் டாலஸில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் அங்கே 'ஜே.பி.' என்று யாரோ ஒருவர் முன்னால் கல்யாணத்தை முடித்துவிட்டு, தை மாதம் மதுரைக்கு வருகிறார்களாம். இங்கே மண்டபம் பிடித்தாயிற்று. அந்த ஜே.பி. நிஜ நீதிபதிதானா? எது உண்மையான கல்யாணம்?
(ஒரு தந்தை, மதுரை)

நிஜ நீதிபதிதான் ஐயா. ஆனால் நம் ஊர் கோர்ட்டை மனதில் வைத்துப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். ஜே.பி. சட்டம் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 4 வருடத்துக்கு ஒரு முறை கட்சி சார்பில் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர். நான் வேலை பார்த்த நீதிபதி அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் கோச். 20,000 டாலர் வரையிலான பணத் தகராறு, வாடகை கொடுக்காதவரைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, வேகமாகக் கார் ஓட்டியதற்கான அபராதம், இதெல்லாம் அவர் மேஜைக்கு வரும். பதவி பழையது. இங்கிலாந்தில் 1361-லேயே சட்டத்தில் இடம் பிடித்தது. அமெரிக்காவுக்குப் போன பியூரிட்டன்கள் என்ற கிறிஸ்தவச் சீர்திருத்தப் பிரிவினர் கல்யாணத்தை மதகுரு கையில் கொடுக்க மறுத்தவர்கள். 1621-ல் பிளிமத் குடியேற்றத்தின் முதல் கல்யாணம் அரசு அதிகாரி முன்னால்தான் நடந்தது. ஆக உங்கள் மகள் செய்யப்போவது அந்த மண்ணில் புதுப் பழக்கம் இல்லை.

மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் இல்லாத சின்னக் கவுன்டிகளில் இன்னொரு வேலையும் ஜே.பி. தலையில் விழும். யாராவது திடீரென்று இறந்தால் நேரில் போய்ப் பார்த்து, மரணத்துக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கோர்ட்டிலும் அப்படித்தான். ஒரு நாள் பெண்ணும் பையனும் பூவோடு வந்து நிற்கிறார்கள், பையனின் அம்மா பட்டுப்புடவையில். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து போன். நீதிபதி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "அவசர வேலை, 1 மணி நேரத்தில் வந்துவிடுவார்" என்று மட்டும் சொன்னேன். என்ன வேலை என்று அந்த அம்மா 3 தடவை கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்த நீதிபதி கை கழுவிக்கொண்டு, சிரித்த முகத்தோடு கல்யாணத்தை நடத்திவைத்தார். அந்தத் தம்பதி இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். அவர்கள் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. சட்டத்தின் கண்ணில் டாலஸில் நடப்பதுதான் கல்யாணம். விசாப் படிவமோ வரிப் படிவமோ இன்ஷூரன்ஸோ, எங்கே கல்யாணத் தேதி கேட்டாலும் அந்தத் தேதியைத்தான் எழுத வேண்டும். மதுரையில் சடங்கு எத்தனை வேண்டுமானாலும் செய்யுங்கள், அழைப்பிதழ் அடியுங்கள், சீர் வையுங்கள். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை மறுபடி பதிந்து, இரண்டாவது தேதி போட்ட இன்னொரு சான்றிதழை வாங்கிவிடாதீர்கள். ஒரே ஜோடிக்கு இரண்டு கல்யாணத் தேதி இருந்தால் விசா அதிகாரி புருவத்தைத் தூக்குவார். மகளிடம் கவுன்டி கிளார்க் தரும் சான்று நகலை வாங்கி, டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாவதற்கான சான்று) முத்திரை போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தியா 2005-லிருந்து அந்த முத்திரையை ஏற்கிறது.

வெள்ளிக்கிழமை காலை லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அப்படியே மாடியில் ஜட்ஜ் முன்னால் கல்யாணத்தை முடித்துவிடலாமா? சாட்சிக்கு எத்தனை நண்பர்களைக் கூட்டிவர வேண்டும்?
(ஒரு வாசகர், ஆஸ்டின்)

முடியாது தம்பி. கவுன்டி கிளார்க் தரும் கல்யாண லைசென்ஸ், அதாவது அனுமதிச் சீட்டு, கையில் வந்த நேரத்திலிருந்து 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெள்ளி காலை 10 மணிக்கு வாங்கினால் திங்கள் காலை 10 மணிக்குப் பிறகுதான். ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. மாநிலம் அங்கீகரித்த திருமண வகுப்பை முடித்தவர்களுக்கும் உண்டு. காரணம் சொல்லி நீதிபதியிடம் எழுத்தில் அனுமதி வாங்கவும் வழி இருக்கிறது. "பாட்டி ஃப்ளைட் டிக்கெட் போட்டுவிட்டார்" என்பது காரணம் ஆகுமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அது அந்த நீதிபதியின் மனது. ரொம்ப முன்னாலேயும் வாங்கிவைக்காதீர்கள். 90 நாளுக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி.

சாட்சியே வேண்டாம். நம் ஊர் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு, 3 சாட்சி என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாமல் இருக்கும். லைசென்ஸ், நீங்கள் இரண்டு பேர், நடத்திவைக்க அதிகாரமுள்ள ஒருவர், அவ்வளவுதான். கட்டணம் ஜட்ஜுக்கு ஜட்ஜ் வேறுபடும். சிலர் வாங்குவதே இல்லை. கல்யாணம் நடத்துவது அவர்களுக்குக் கட்டாயக் கடமையும் இல்லை, அதனால் முன்கூட்டியே கேட்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கோர்ட்டில் வெளியேற்ற வழக்குகள் நடக்கும் நாளில் கல்யாணம் வைக்கவே மாட்டேன். வீடு போய் அழுதுகொண்டு ஒருவர் வெளியே வருவார், மாலையோடு ஒருவர் உள்ளே போவார். இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

ஜட்ஜ் கல்யாணத்தில் தாலி கட்டலாமா? மந்திரம் சொல்லலாமா? முகூர்த்த நேரம் பார்ப்பார்களா?
(மூன்று வாசகிகள் தனித்தனியாகக் கேட்டது)

கட்டலாம். சட்டம் எந்த வாசகத்தையும் விதிக்கவில்லை. ஜட்ஜ் வழக்கமாக ஒரு பக்கத் தாள் வைத்திருப்பார். "இவரைக் கணவராக ஏற்கிறீர்களா", "இவரை மனைவியாக ஏற்கிறீர்களா" என்று இரண்டு பேரிடமும் கேட்பார், மோதிரம் போடச் சொல்வார், 5 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு பேரும் வாய் திறந்து சம்மதம் சொல்வதுதான் அதில் உயிர். தாலி, மாலை, குறள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. அக்கினி மட்டும் வேண்டாம். தீயணைப்பு அலாரம் இருக்கிறது.

முகூர்த்தம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை. 10 மணிக்கு நேரம் குறித்திருந்தோம். முன்னால் இருந்த வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. பெண்ணின் அம்மா கவுன்டருக்கு வந்து, "10:30-க்கு ராகு காலம் ஆரம்பிச்சிடுமே" என்று கண் கலங்கினார். பையனின் மாமா குறுக்கே வந்து, "அது நம்ம ஊர் சூரிய உதயத்துக்கு. இந்த ஊர் உதயத்துக்குக் கணக்குப் போட்டா இன்னும் நேரம் இருக்கு" என்று போனில் பஞ்சாங்கத்தைக் காட்டினார். இரண்டு பேருக்கும் பேச்சு முற்றிவிட்டது. நான் ஒரு துண்டுச் சீட்டில் '10:30-க்கு முன்னால் கல்யாணம் முடிய வேண்டும், அவர்களுக்கு அது முக்கியம்' என்று எழுதி நீதிபதியிடம் கொடுத்தேன். அவர் படித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வக்கீல்களிடம் "பத்து நிமிட இடைவேளை" என்றார். 10:24-க்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் இந்தியப் பெயரைப் பார்த்தாலே, "உங்கள் கெட்ட நேரம் எப்போது?" என்று அவரே என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கோயிலில் குருக்கள் நடத்திவைத்தால் போதாதா? ஜட்ஜ் எதற்கு?
(ஒரு வாசகி, ஷுகர் லேண்ட்)

போதும். மத அமைப்பின் அதிகாரம் பெற்ற குருக்களும் பாதிரியாரும் லைசென்ஸில் கையெழுத்துப் போடலாம். அதற்கு லைசென்ஸ் இருக்க வேண்டுமே! 400 பேருக்குச் சாப்பாடு, நாதஸ்வரம், குதிரை எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு லைசென்ஸை மறந்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். 2 மாதம் கழித்து, மனைவி பெயரை இன்ஷூரன்ஸில் சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது. கோர்ட்டுக்கு வந்தார்கள், ஜட்ஜ் 5 நிமிடத்தில் முடித்துவைத்தார். ஆல்பத்தில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி. ஆக மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிற அன்றே லைசென்ஸ் தேதியையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். கையெழுத்தான லைசென்ஸை 30 நாளுக்குள் கிளார்க் அலுவலகத்தில் திருப்பித் தர வேண்டும். நடத்திவைத்தவரின் பொறுப்பு அது. ஆனாலும் குருக்கள் பையிலேயே கிடந்துவிடாமல் நீங்கள் கேட்டுத் தொந்தரவு செய்யுங்கள்.

என் மகன் கல்யாணம் செய்துகொள்ளப்போவது ஒரு கறுப்பினப் பெண்ணை. எங்களுக்குச் சம்மதம். ஆனால் அவர்கள் இருப்பது சின்ன ஊர். அங்கே இருக்கும் ஜட்ஜ் ஏதாவது முகம் சுளிப்பாரோ என்று பயமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்று கேட்ட ஒரு தாய்)

பயம் வெறும் கற்பனை என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். 1958 ஜூனில் வர்ஜீனியாக்காரர்களான லவிங் தம்பதி, கணவர் வெள்ளைக்காரர், மனைவி கறுப்பினப் பெண், வாஷிங்டனுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். வர்ஜீனியாவில் அப்போது அப்படிப்பட்ட கலப்பினக் கல்யாணம் சட்டப்படி குற்றம். சில வாரத்தில் ஷெரிஃப் நடு இரவில் படுக்கையறைக்குள் வந்து கைது செய்தார். 1 வருடச் சிறை, அல்லது 25 வருடம் சேர்ந்து வர்ஜீனியா பக்கமே வராமல் இருப்பது என்று நீதிபதி தீர்ப்பு எழுதினார். அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1967 ஜூனில் ரத்து செய்தபோது வர்ஜீனியா, டெக்சாஸ் உட்பட 16 மாநிலங்களில் அந்த மாதிரிச் சட்டம் இருந்தது. அதற்கும் 42 வருடம் கழித்து, 2009-ல், பக்கத்து மாநிலமான லூசியானாவில் ஒரு ஜே.பி. கலப்பின ஜோடிக்குக் கல்யாணம் செய்துவைக்க மறுத்தார். ஊரே கொந்தளித்தது, அவர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று.

டெக்சாஸ் குடும்பச் சட்டம் 2.205 பிரிவில், கல்யாணம் நடத்த அதிகாரம் உள்ளவர் இனம், மதம், பூர்வீக நாடு பார்த்து மறுக்கக் கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. மறுத்தால் நீதித்துறை நடத்தை ஆணையத்துக்கு எழுதலாம். ஆனால் கல்யாண நாளில் யாருக்கு வழக்குப் போடத் தோன்றும்? அதனால் நான் சொல்வது இதுதான். லைசென்ஸை டெக்சாஸின் எந்தக் கவுன்டியிலும் வாங்கலாம், கல்யாணத்தை எந்தக் கவுன்டியிலும் வைக்கலாம். அந்த ஊர் ஜட்ஜ் ஆபீஸுக்கு மகனையே போன் செய்யச் சொல்லுங்கள். குரலிலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லையா, 40 மைல் தள்ளி இன்னொரு ஜட்ஜ் இருப்பார். மருமகளுக்கு என் ஆசிகளைச் சொல்லுங்கள் அம்மா.

எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குக் கவுன்டி ஜட்ஜை சிறப்பு விருந்தினராக அழைத்திருக்கிறோம். அழைப்பிதழில் 'மாண்பமை நீதியரசர்' என்று போட்டோம். அவர் நீதிபதியே இல்லை என்று ஒரு செயற்குழு உறுப்பினர் சண்டை போடுகிறார். யார் சொல்வது சரி?
(ஒரு சங்கச் செயலாளர்)

சண்டை போடுகிறவருக்கு ஒரு வடை கூடுதலாகக் கொடுங்கள். டெக்சாஸில் 254 கவுன்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்டி ஜட்ஜ். அவர் தலைமை தாங்கும் சபைக்குப் பெயர் கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில்தான் கோர்ட். அவரும் 4 கமிஷனர்களும் உட்கார்ந்து பட்ஜெட் போடுவார்கள், ரோடு, ஜெயில் செலவு பேசுவார்கள். புயல் வந்தால் ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு போடுவதும் அவரே. மக்கள்தொகை குறைந்த கவுன்டிகளில் வழக்கும் விசாரிப்பார். பெரிய கவுன்டிகளில் பெரும்பாலும் நிர்வாகம்தான். பாதி கலெக்டர், பாதி மாவட்ட ஊராட்சித் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கல்யாணம் நடத்திவைக்க அவருக்கும் அதிகாரம் உண்டு, அதனால்தான் இந்தக் குழப்பம் தீருவதே இல்லை. 'கவுன்டி ஜட்ஜ்' என்று தமிழ் எழுத்தில் அப்படியே அச்சடித்துவிடுங்கள். மொழிபெயர்க்கப் போனால்தான் வம்பு.

கூப்பிட்டால் ஏன் வருகிறார் என்பதும் தெரிந்திருக்கட்டும். தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள் இவர்கள், மண்டபத்தில் 800 தலை தெரிந்தால் கணக்குப் போடத்தான் செய்வார்கள். அதில் தப்பில்லை. நம் சங்கங்கள் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். எந்த வேட்பாளருக்கும் ஆதரவு காட்டக் கூடாது. பதவியில் இருப்பவராக வந்து வாழ்த்திப் பேசலாம். "நவம்பரில் எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று ஆரம்பித்தால் மைக்கை வாங்குகிற தைரியம் உங்களில் ஒருவருக்கு இருக்க வேண்டும். முன்கூட்டியே அவர் உதவியாளரிடம் சொல்லிவிட்டால் அந்தத் தைரியமே தேவைப்படாது.

அப்புறம், நேரம். சனிக்கிழமை மாலை அவருக்கு இன்னும் 2 விழா இருக்கும். நம்மவர்கள் 14 பரதநாட்டியம் முடிந்த பிறகு அவரை மேடையேற்றுவார்கள். பாவம், முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி புன்னகை மாறாமல் உட்கார்ந்திருப்பார். குத்துவிளக்கு ஏற்றியதும் பேசவைத்து, சால்வை போர்த்தி அனுப்பிவிடுங்கள். பொங்கலைப் பாராட்டி அவர் அரசுப் பிரகடனம் வாசிக்க வேண்டுமென்றால் பல வாரம் முன்னாலேயே கேட்டு, வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பொங்கலைத் 'தமிழ் நன்றி நவிலல் நாள்' என்று அவர்களே ஏதாவது எழுதிவிடுவார்கள். சட்டப்படி அதற்கு எந்த வலுவும் இல்லை. ஃபிரேம் போட்டு மாட்டலாம், குழந்தைகள் பார்த்துச் சந்தோஷப்படும்.

கோலப் போட்டிக்கு மட்டும் ஜட்ஜை ஜட்ஜாகப் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த நீதிபதி ஒருவரை ஒரு விழாவில் அப்படி மாட்டிவிட்டார்கள். 11 கோலத்தையும் சுற்றிப் பார்த்தார், 11 அம்மாக்களையும் பார்த்தார். "கோர்ட்டில் ஒரு தரப்புதான் என்னைத் திட்டும்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றுக்கும் முதல் பரிசு கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் வரவில்லை.

எங்கள் ஊர் நீதிபதி நல்ல நண்பர். கோயில் கட்டட நிதிக்கு அவர் பெயரில் வேண்டுகோள் கடிதம் அனுப்பலாமா?
(ஒரு வாசகர், ஹூஸ்டன்)

கூடாது. விழாவுக்கு வரலாம், பேசலாம். நிதி திரட்டக் கை நீட்டுவதையும், பதவியின் மதிப்பை அடுத்தவர் காரியத்துக்கு இரவல் கொடுப்பதையும் நீதிபதிகளின் நடத்தை விதி தடுக்கிறது. நாளைக்குக் கோயில் நிர்வாகச் சண்டை அவர் மேஜைக்கே வந்தால் என்ன செய்வார்? நம் கோயில்களில் அது நடக்காத விஷயமா?

சென்னையில் இருக்கும் பெண்ணை ஜூம் வழியாக இங்குள்ள ஜட்ஜ் முன்னால் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா?
(ஒரு வாசகர், ஃபிரிஸ்கோ)

டெக்சாஸில் வராதவருக்குப் பதில் ஆள் நிற்பதே வெளிநாட்டில் பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கு மட்டும்தான். யூட்டா மாநிலத்தில் ஒரு கவுன்டி இணையக் கல்யாணம் நடத்துகிறது. ஆனால் குடியுரிமைத் துறை, சடங்குக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் நேரில் சந்தித்துத் தாம்பத்தியத்தில் சேர்ந்திருந்தால்தான் அதைக் கல்யாணமாக எடுத்துக்கொள்ளும். டிக்கெட் போட்டு ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் தம்பி.

கல்யாணத்துக்குக் கறுப்பு அங்கியில் ஒருவர் முன்னால் நிற்பது என் மாமியாருக்கு அமங்கலமாகப் படுகிறது. என்ன செய்வது?
(ஒரு வாசகி, கேட்டி)

கழற்றச் சொல்லுங்கள், கழற்றிவிடுவார். சட்டம் அங்கியைக் கேட்கவில்லை. எங்கள் நீதிபதியிடம் ஒரு பாட்டி இதையே கேட்டார், நான்தான் மொழிபெயர்த்தேன். உடனே அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டார். உள்ளே கட்டம் போட்ட சட்டை, கௌபாய் பூட்ஸ். பாட்டி ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "அங்கியே தேவலை, போட்டுக்கச் சொல்லு."